கையெழுத்து வாங்க நான் வரமாட்டேன்

தம்பி,

நேரில் சொன்னால் நீ போனைப் பார்த்துக்கொண்டே "ம்" கொட்டுவாய். அதனால் எழுதுகிறேன். புதன்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வந்து, ஹாலில் இருந்த மேசையை ஓரமாகத் தள்ளிவிட்டு, திங்கட்கிழமை தேயிலைத் தோட்டத்தில் நடத்தப்போகும் பயிற்சிக்கு ஒத்திகை பார்த்தாயே, அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். பாரம் தூக்குவது எப்படி என்று தொழிலாளிகளுக்குச் சொல்லிக்கொடுக்கப் போகிறாயாம். அதற்காக நிர்வாகம் உனக்குப் பாதுகாப்பு அதிகாரி என்று ஒரு பதவியும், கண்ணைக் கூசவைக்கும் மஞ்சள் மேல்சட்டை ஒன்றும், மேட்டில் ஒரு குவார்ட்டர்ஸும் கொடுத்திருக்கிறது. காலி பிஸ்கட் பெட்டி ஒன்றைத் தரையில் வைத்தாய். முழங்காலை மடக்கினாய், முதுகை நிமிர்த்தினாய், பெட்டியை நெஞ்சோடு அணைத்துப் பச்சைக் குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கினாய். உன் அப்பா கைதட்டினார். அவருக்கென்ன, டிவியில் எது ஓடினாலும் கைதட்டுவார். எனக்குச் சிரிப்பு வந்தது. பெற்ற பிள்ளையாயிற்றே என்று அடக்கிக்கொண்டேன்.

அந்தக் கூத்தோடு நீ கிளம்பியிருந்தால் நானும் இதை எழுதியிருக்க மாட்டேன். சாப்பிட்டு முடித்து, கையைத் துடைத்துக்கொண்டே ஒரு தாளை எடுத்து என் முன்னால் வைத்தாய். தொழிலாளிகளின் பெயர்கள் வரிசையாக அச்சடித்து, பக்கத்தில் கையெழுத்துக்குக் கட்டம் போட்ட தாள். மேலே, "பயிற்சி பெற்றோம், புரிந்துகொண்டோம்" என்று மலாயில் ஒரு வரி. திங்கள் மதியம் தணிக்கைக்கு ஆள் வருகிறார்களாம், அதற்குள் தாள் நிறைய வேண்டுமாம். "அம்மா, நீங்க முன்னாடி கொழுந்துக் கும்பலுக்கு மண்டோரா இருந்து வேலை வாங்கினவங்கதானே, பொம்பளைங்க உங்க பேச்சக் கேப்பாங்க. வந்து உக்காந்து சைன் மட்டும் வாங்கிக் குடுங்க லா. கிளாஸ அப்புறம் சாவகாசமா பண்ணிக்கலாம்" என்றாய். எழுதத் தெரியாதவர்களுக்கு நானே எழுதிவிட்டாலும் பரவாயில்லை என்று வேறு சொன்னாய். நான் தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன். நான் சம்மதித்துவிட்டதாக நீ நினைத்திருப்பாய். உன்னைப் போன்ற பதவிக்காரர்கள் எல்லோருமே, எதிரில் இருப்பவர் பேசாவிட்டால் சம்மதம் என்றுதான் எழுதிக்கொள்கிறார்கள்.

முதலில் உன் பாடத்தைப் பற்றிச் சொல்கிறேன். உன் மடிக்கணினியில் ஒரு படம் காட்டினாய். வெள்ளைச் சட்டை போட்ட ஒருவன், வழவழப்பான டைல்ஸ் தரையில் நின்று, அட்டைப்பெட்டியைத் தூக்குகிறான். முழங்காலுக்குப் பக்கத்தில் பச்சை அம்புக்குறி, முதுகுக்குப் பக்கத்தில் இன்னொன்று. அவன் சிரித்துக்கொண்டே தூக்குகிறான். முப்பத்தொரு வருடம் நான் அந்த மலையில் வேலை செய்தேன், சிரித்துக்கொண்டே மூட்டை தூக்கியவன் ஒருவனைக்கூடப் பார்த்ததில்லை. நம் தோட்டத்தில் எந்த மலையில் டைல்ஸ் பதித்திருக்கிறது என்று எனக்குச் சொல். தேயிலைச் செடிக்கும் செடிக்கும் நடுவே ஒரு கால் வைக்கத்தான் இடம். அதில் குந்த முடியாது, குந்தினால் செடி இடுப்பைக் கிழிக்கும். ஒரு கால் மேலே இருக்கும், ஒரு கால் கீழே இருக்கும். மழை பெய்தால் மண் சோப்பு மாதிரி வழுக்கும், இங்கே மழை பெய்யாத நாளை விரல் விட்டு எண்ணிவிடலாம். அந்தச் சரிவில் நின்று முதுகை நேராக வைத்து முழங்காலை மடக்கிப் பார். அடுத்த நிமிடம் லோரி நிற்கும் ரோட்டில் கிடப்பாய், மஞ்சள் சட்டையோடு.

படித்தவனுக்குத் தெரியாததை நான் சொல்கிறேன், கேட்டுக்கொள். மூட்டையை மேட்டுப் பக்கம் வைக்க வேண்டும். தூக்குகிறவள் பள்ளத்துப் பக்கம் நின்று முதுகைக் கொடுக்க வேண்டும். மேலே நிற்கிற இன்னொருத்தி மூட்டையை நகர்த்தி முதுகில் ஏற்றிவிட வேண்டும். அப்போது குனிந்து தரையிலிருந்து தூக்குகிற வேலையே இல்லை, மலையே பாதி தூக்கிக் கொடுத்துவிடும். இறங்கும்போது நேராக இறங்கக் கூடாது, குறுக்கே குறுக்கே போக வேண்டும். மூட்டையோடு இறங்குகிறவளுக்குக் கீழே யாரும் நிற்கக் கூடாது. இது நீ சான்றிதழுக்குப் படித்த பாடத்தில் இருக்கிறதா? இருக்காது. எழுதியவன் மலை ஏறியிருக்க மாட்டான், ஏறியிருந்தாலும் டூரிஸ்டாக ஸ்ட்ராபெரி வாங்கத்தான் ஏறியிருப்பான்.

இதைவிடப் பெரிய கேலிக்கூத்து ஒன்று இருக்கிறது. மழையில் நனைந்த கொழுந்து காய்ந்த கொழுந்தைவிட எவ்வளவு கனக்கும் என்று உன் ஆபிஸில் எல்லோருக்கும் தெரியும். சாக்கின் அளவு மட்டும் வெயிலுக்கும் மழைக்கும் ஒன்றுதான். சாக்கைச் சிறியதாக்கலாம். மேல் மலைக்கு லோரி போகிற மாதிரி ரோட்டைச் சரிசெய்யலாம். இன்னும் இரண்டு ஆளைப் போடலாம். அதையெல்லாம் மேனேஜர் துரையிடம் போய்ச் சொல்ல உனக்கு வாய் இல்லை. மூட்டையைத் திருத்த முடியாதவன் முதுகைத் திருத்த வந்திருக்கிறாய். அதுவும் மலாயில், ஆங்கிலத்தில். நேப்பாளத்திலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்த ஆட்கள் உன் படத்தைப் பார்த்துத் தலையாட்டுவார்கள். அவர்கள் எதற்கும் தலையாட்டித்தான் இங்கே பிழைக்கிறார்கள். அதைப் பார்த்து நீ புரிந்துகொண்டார்கள் என்று எழுதுவாய்.

இத்தனை ஏளனமாகப் பேச இவளுக்கு என்ன யோக்கியதை என்று உனக்குத் தோன்றும். தோன்ற வேண்டும். நம் வீட்டில் யாருக்குமே பாரம் தூக்கத் தெரியாது, தூக்கிவிட்டுப் பெருமையடிக்கத்தான் தெரியும். தோட்டத்து லயத்து வரிசை வீட்டைக் காலி செய்து தானா ராத்தா டவுனில் பிளாட்டுக்கு வந்த அன்று உன் அப்பா செய்தது நினைவிருக்கிறதா? இரும்பு அலமாரியை அவர் ஒற்றை ஆளாக மாடிப்படியில் ஏற்றினார். கீழே சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் பாய், பாவம், தன் கடை ஆட்கள் இரண்டு பேரை அனுப்புகிறேன் என்று இரண்டு தடவை சொன்னார். இவர் கையை வீசி மறுத்துவிட்டார். திரிங்காப் காய்கறித் தோட்டத்தில் முட்டைக்கோஸ் மூட்டை ஏற்றிய உடம்பாம். இரண்டாவது திருப்பத்தில் ஒரு சத்தம் போட்டார், அலமாரி போட்ட சத்தம் என்றுதான் நான் முதலில் நினைத்தேன். மூன்று வாரம் படுக்கை. இன்றைக்கும் இடுப்பில் பட்டை கட்டிக்கொண்டுதான் நாற்காலியிலிருந்து எழுகிறார். கேட்டால் அலமாரி மேல் குற்றம் சொல்வார்.

அவரை மட்டும் சொல்வானேன். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது நீ கேஸ் சிலிண்டரை ரோட்டிலிருந்து தோளில் வைத்துத் தனியாகக் கொண்டுவந்தாய். பக்கத்து வீட்டுக்காரர் கை கொடுக்க வந்தார். வேண்டாம் என்று தடுத்தது நான்தான். எங்கள் வீட்டுச் சிங்கம் என்று லயம் முழுக்கச் சொல்லித் திரிந்தேன். துணைக்குக் கை கேட்டால் கேவலம் என்று உனக்குச் சொல்லிக்கொடுத்தவள் உன் அம்மா. வேலையிலும் அப்படித்தான் இருந்தேன். என் கும்பலில் புதிதாகச் சேர்ந்த எவளாவது, "அக்கா, ஒரு கை குடுங்க" என்று கேட்டால், நேற்றுத்தான் பிரசவமா என்று கேட்பேன். மற்றவர்கள் சிரிப்பார்கள். அடுத்த தடவை அவள் கேட்க மாட்டாள். இப்படித்தான் நான் மண்டோர் வேலை பார்த்தேன், நல்ல மண்டோர் என்று பெயரும் வாங்கினேன்.

இனிமேல் சொல்லப்போவது உனக்குத் தெரியாது. உன் அப்பாவுக்கும் தெரியாது.

பதினோரு வருடத்துக்கு முன்னால் இதே தோட்டத்தில், இதே பயிற்சி நடந்தது. டவுனிலிருந்து ஒருவர் வந்தார், பாலிஷ் போட்ட சப்பாத்தோடு. காலையில் பெயர் கூப்பிடும் பெரட்டுக் கொட்டகையில் வைத்துத்தான் நடத்தினார். அவரும் ஒரு பெட்டி கொண்டுவந்திருந்தார், அதுவும் காலிதான். மழை தகரத்தில் அடித்த சத்தத்தில் அவர் பேசியது முன்வரிசைக்குக்கூடக் கேட்கவில்லை. பாதிப் பேர் கொழுந்து வெட்டுகிற நேரம் போகிறதே என்று நழுவிவிட்டார்கள். கடைசியில் இதே மாதிரி ஒரு தாள் வந்தது. என் கும்பலில் இருபத்திரண்டு பேர், கொட்டகையில் இருந்தது பதிமூன்று பேர். ஒன்பது பேர் இல்லை என்று ஆபிஸில் கணக்கு எழுதும் கிராணியிடம் சொன்னேன். அவர் தாளை என்னிடமே திருப்பித் தந்தார். "ஒரு ஆள் கொறஞ்சாலும் அவரு இன்னொரு நாள் வரணும். நீங்களே போட்டுருங்க மண்டோரம்மா, எப்பவும் போடறதுதானே." உண்மைதான், எப்போதும் போடுவதுதான். கையுறை வாங்கியதற்கு, மழைச்சட்டை வாங்கியதற்கு, எல்லாவற்றுக்கும் கும்பலுக்காக மண்டோர் கையெழுத்துப் போடுவது எங்கள் பழக்கம். எனக்கு அது ஒரு கௌரவமாகவே இருந்தது. ஒவ்வொருத்தி எழுத்தையும் கொஞ்சம் கொஞ்சம் மாற்றி மாற்றி ஒன்பது பெயரையும் எழுதினேன். நான்காவதாக எழுதியது செல்வமேரி.

லயத்தில் நம் வீட்டிலிருந்து இரண்டு வீடு தள்ளி இருந்த செல்வமேரியை உனக்குத் தெரியும், நீ மாதா கோயிலில் உறுதிப்பூசுதல் வாங்கிய அன்று உனக்கு முழுக்கைச் சட்டை எடுத்துக் கொடுத்த சித்தி. பயிற்சி நடந்த அன்று அவள் தோட்டத்திலேயே இல்லை. மகளுக்குக் காய்ச்சல் என்று லீவு சொல்லிவிட்டு டவுனுக்கு பஸ் ஏறிவிட்டாள்.

நான்கு மாதம் கழித்து, அடைமழைக் காலத்தில், மேல் மலையில் கத்தரியால் கொழுந்து வெட்டிக்கொண்டிருந்தோம். லோரிக்காரர் கிளம்புவதற்கு ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார். மிச்சக் கொழுந்து இன்னும் இரண்டு சாக்குக்கு இருந்தது. இரண்டு தடவை இறங்கி ஏற நேரமில்லை. "ஒரே சாக்குல மிதிச்சு அடைங்க, லோரி போயிடும்" என்று கத்தியது நான். ஒருத்தி சாக்குக்குள் இறங்கி நின்று காலால் மிதித்தாள், நனைந்த கொழுந்து கல்லாக இறுகியது. செல்வமேரி சுற்றிப் பார்த்தாள். யாரையும் கை கேட்கவில்லை. கேட்டால் நான் என்ன சொல்வேன் என்று அவளுக்குத் தெரியும். குனிந்து, தரையிலிருந்து தனியாகத் தூக்கி முதுகில் போட்டாள். நாலு எட்டு வைத்தாள். அப்புறம் உட்கார்ந்தாள். விழவில்லை, அலறவில்லை, மூட்டையோடு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். எழுப்பப் போனபோது, கால் இருக்கிற மாதிரியே தெரியவில்லை என்று மெதுவாகச் சொன்னாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு ஆபிஸில் விசாரணை வைத்தார்கள். நாற்றுப் பண்ணையில் அவளுக்கு உட்கார்ந்து செய்கிற வேலை கொடுப்பதா இல்லையா என்பதுதான் கேள்வி. வேலை இருந்தால் வீடு இருக்கும், வேலை இல்லாதவருக்குத் தோட்டத்தில் வீடு இல்லை. அப்போதைய துரை அந்தத் தாளை எடுத்து மேசையில் வைத்தார். பயிற்சி கொடுத்திருக்கிறோம், புரிந்துகொண்டதாகக் கையெழுத்துப் போட்டிருக்கிறாள், அதற்கு மாறாகத் தூக்கியது அவள் குற்றம் என்றார். பிறகு என்னைப் பார்த்து, இது இவள் கையெழுத்துதானா என்று கேட்டார். செல்வமேரி எனக்கு எதிரில், இரண்டு கையாலும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"ஆமா துரை, அவ கையெழுத்துதான்" என்றேன்.

அவள் தாளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், தலையைக் குனிந்துகொண்டாள். மாத்திரை மயக்கத்தில் சரியாகக் கவனிக்கவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்த மாதமே வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். அவள் சாமான்களை லோரியில் ஏற்ற ஆள் பிடித்துக் கொடுத்ததும் நான்தான். மண்டோரம்மாவுக்கு எவ்வளவு நல்ல மனசு என்று லயத்தில் பேசிக்கொண்டார்கள். அதைக் கேட்டுக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை கோயிலில் முன்வரிசையில் போய் உட்கார்ந்தேன். அந்தத் துரையை, கிராணியை, பாலிஷ் சப்பாத்துக்காரரை எல்லாம் நான் இன்றுவரை காறித் துப்புகிறேன். அதில் ஒரு பங்கையாவது என் மேல் துப்பியிருக்க வேண்டும். இத்தனை வருடம் செய்யவில்லை.

புதன்கிழமை நீ அந்தத் தாளை மேசையில் வைத்தபோது நான் முதலில் தேடியது நான்காவது வரியைத்தான். நீ பார்க்கவில்லை, போன் வந்துவிட்டது. அது இன்னொரு செல்வமேரியை வீட்டைவிட்டுத் துரத்துகிற தாள். நாளைக்கு ஒருவன் முதுகு ஒடிந்து கிடக்கும்போது அதைத்தான் எடுத்துக் காட்டுவார்கள். காட்டுகிற கை உன் கையாக இருக்கும். அதில் இருப்பது என் எழுத்தாக இருக்க வேண்டும் என்று கேட்கிறாய். கேட்டது தெரியாமல்தான் என்று எனக்குத் தெரியும். தெரியாமல் கேட்டதற்கே எனக்கு உன் மேல் அருவருப்பாக இருந்தது. அப்புறம்தான் உறைத்தது, எனக்குத் தெரிந்த வேலையைத்தானே பிள்ளையும் கேட்கிறான் என்று.

நேற்று காலை பஸ் பிடித்து கியா பார்முக்குப் போனேன். செல்வமேரி அங்கே ஒரு ஸ்ட்ராபெரிக் கடையில் பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து பழத்தை டப்பாவில் அடுக்குகிறாள். கோயிலில் அவளை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன், குசலம் விசாரித்திருக்கிறேன். பக்கத்தில் உட்கார்ந்து பேசியதில்லை. நேற்று உட்கார்ந்தேன். தாளைப் பற்றி, துரை கேட்டதைப் பற்றி, நான் சொன்ன பொய்யைப் பற்றி எல்லாவற்றையும் சொன்னேன். அழுவாள், ஏசுவாள், கடைக்காரர் முன்னால் என்னை நாறடிப்பாள் என்று தயாராகத்தான் போயிருந்தேன். அவள் அடுக்குவதை நிறுத்தவே இல்லை.

"தெரியும் அக்கா. அன்னைக்கே தெரியும். உங்க எழுத்து எனக்குத் தெரியாதா?"

ஏன் அப்போதே சொல்லவில்லை என்று கேட்டேன். அழுகிய பழம் ஒன்றை எடுத்துத் தனியாகப் போட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். "சொன்னா உங்களையும் அனுப்பியிருப்பாங்க. என் வீடு எப்படியும் போவுதுன்னு தெரிஞ்சிருச்சு, உங்க வீடும் எதுக்குப் போவணும். தம்பிக்கு அப்பத்தான் ஈப்போவுல படிக்க எடம் கெடச்சிருந்துச்சு."

கேட்டுக்கொண்டாயா தம்பி? நீ காட்டித் திரிகிற அந்தச் சான்றிதழ் நான் கொழுந்து வெட்டி வாங்கிக் கொடுத்தது என்று இத்தனை வருடமாக ஊரெல்லாம் சொல்லிவருகிறேன். ஒருத்தி வாயை மூடிக்கொண்டு வீட்டைக் காலி செய்ததில் வந்தது அது. பழம் வாங்க வந்த டூரிஸ்ட் ஒருத்தி எனக்கு உடம்பு சரியில்லையோ என்று தண்ணீர் கொடுத்தாள்.

ஆகவே நான் சொல்வதைச் செய். பெட்டியை வீட்டிலேயே வை. பத்துப் பத்துப் பேராக மேல் மலைக்குக் கூட்டிக்கொண்டு போ, நனைந்த கொழுந்து அடைத்த சாக்கைக் கொடு. நீயும் ஒன்றைச் சுமந்து ரோடு வரைக்கும் இறங்கு, முதலில் நீ இறங்கு. அந்தந்த ஆளுக்கு அவரவர் பாஷையில் சொல்ல ஒருவரைப் பிடி. கை கேட்பது வெட்கமில்லை என்று பெண்களிடம் நான் சொல்கிறேன், அவர்களை வெட்கப்படுத்தியவளே நான்தான். சாக்கின் அளவைப் பற்றியும் மிதித்து அடைப்பதைப் பற்றியும் உன் அறிக்கையில் எழுது. இத்தனையும் முடிந்த பிறகு, அவரவர் கையால் போட்டால் போடட்டும். திங்கள் மதியத்துக்குள் இது முடியாது, எனக்கும் தெரியும். அன்றைக்குத் தாள் வெறுமையாகத்தான் போகும். அதற்காக உன்னை வேலையைவிட்டு எடுத்தால் எடுக்கட்டும். மேட்டு வீட்டைப் பூட்டிச் சாவியைக் கொடுத்துவிட்டு இங்கே வா. உன் அப்பாவைத் தாங்குகிற வீடு உன்னைத் தாங்காதா.

திங்கட்கிழமை காலை பெரட்டுக்கு நான் வருவேன். பதினோரு வருடத்துக்கு முன்னால் அந்தக் கொட்டகையில் நான் என்ன எழுதினேன் என்பதை எல்லோர் முன்னாலும் சொல்வேன், இப்போதைய துரை நின்றால் அவர் முன்னாலும் சொல்வேன். உன் மானம் போகும். போகட்டும்.

இன்னொன்று. நான் கிளம்பும்போது செல்வமேரி என் கையைப் பிடித்து ஒன்று கேட்டாள். குத்தலாகக் கேட்டாளா, மெய்யாகவே கேட்டாளா என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. "உங்க மவன் கிளாஸுக்கு நானும் வரலாமா அக்கா? எனக்கு இன்னும் யாரும் சொல்லிக்குடுக்கலையே."

வரச் சொல்லியிருக்கிறேன். பத்து நிமிடத்துக்கு மேல் அவளால் நிற்க முடியாது. ஒரு நாற்காலி போட்டு வை.

உன் அம்மா